பொருந்தாத இடத்தை எழுதுங்கள்

கேள்வி: ஒஹாயோவில் மெக்கானிக்கல் என்ஜினியராக வேலை பார்க்கிறேன். 1934 ஃபோர்டு கூப் ஒன்றை வாங்கி, வார இறுதிகளில் அதை ஹாட் ராடாக (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) மாற்றி வருகிறேன். முன்சக்கரங்களில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டியதைப் பற்றி ஒரு பத்திரிகையில் தொழில்நுட்பக் கட்டுரை எழுதினேன். பாகங்களை ஒரு நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. நிறையப் படங்களோடு அழகாகவே வெளிவந்தது. அதற்கு வந்த கடிதங்கள்தான் மனத்தை நோகடித்துவிட்டன. "இது கட்டுரையா, கேட்லாக்கா?" என்கிறார் ஒருவர். "சக்கரம் எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்று ஏன் எழுதவில்லை?" என்று இன்னொருவர். "நீங்கள் சொன்ன மாஸ்டர் சிலிண்டரையே போட்டேன். காலால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மறுக்கிறது" என்று ஒரு கடிதம். இவர்களுக்கு என்னதான் வேண்டும்? கணக்குப் போட்டு எழுதினால் படிப்பார்களா? இலவசப் பாகங்களை வாங்குவது தப்பா? அடுத்ததாக கேம் ஷாஃப்ட் மாற்றுவது பற்றி எழுத இருக்கிறேன். அதற்கு முன் உங்கள் ஆலோசனை தேவை.

பதில்: கடிதத்தோடு கட்டுரையின் நகலையும் அனுப்பியது நல்லதாயிற்று. படித்துப் பார்த்தேன். நடை சுத்தம், படங்கள் தெளிவு. ஆனாலும் உங்களுக்குக் கடிதம் எழுதியவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. கார் பத்திரிகைகளின் தொழில்நுட்பக் கட்டுரைகளைத் திருத்துவதே என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கட்டுரையில் பெட்டியைத் திறக்கிறீர்கள், பழையதைக் கழற்றுகிறீர்கள், புதியதை மாட்டுகிறீர்கள், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து மகிழ்கிறீர்கள். நடுவே ஒரு வரி வருகிறது: "சிறு திருத்தங்களுக்குப் பிறகு பிராக்கெட் பொருந்தியது." அந்தச் சிறு திருத்தம் என்ன? எதை, எவ்வளவு அராவினீர்கள்? பிராக்கெட்டையா, சக்கரம் சுழலும் அச்சுமுனையான ஸ்பிண்டிலையா? வாஷர் வைத்தீர்களா? அதன் கனம் என்ன? உங்கள் வாசகர் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியது அந்த ஒரு வரிக்காக. மற்றதெல்லாம் பெட்டிக்குள் வரும் குறிப்புத்தாளிலேயே இருக்கிறது. சமையல் குறிப்பில் "உப்பு தேவையான அளவு" என்று எழுதினால் சமைக்கத் தெரிந்தவர் சிரித்துவிட்டுப் போவார், தெரியாதவர் குழம்பைக் கெடுப்பார். பிரேக்கில் அப்படி எழுதினால் கெடுவது குழம்போடு நிற்காது.

ஹாட் ராட் ஆர்வலர் ஏன் இப்படிக் குடைகிறார் என்பது அந்தப் பழக்கம் பிறந்த விதத்தைப் பார்த்தால் விளங்கும். 1932இல் ஃபோர்டு தன் மலிவு விலைக் காரில் வி8 என்ஜினைப் பொருத்தி விற்றது: 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். தெற்குக் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் அந்த வண்டிகளைப் பழைய வண்டி விலைக்கு வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். இன்றுபோல் ஒரு தொலைபேசி அழைப்பில் எல்லாப் பாகமும் வீடு தேடி வரும் காலம் அல்ல அது. இருந்தது காயலான்கடை, ஒரு லேத், பக்கத்துக் கொட்டகைக்காரரின் அனுபவம். 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சனும் கூட்டாளியும் 'ஹாட் ராட்' பத்திரிகையைத் தொடங்கியது இந்தக் கூட்டத்தை நம்பித்தான். இவர்களுக்கு வேண்டியிருந்தவை எண்கள். ஃபோர்டின் இன்னொரு பிராண்டான மெர்குரிக்கு 1949இல் வந்த என்ஜினின் கிராங்க் ஷாஃப்டுக்கு ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 4 அங்குலம். அதை ஃபோர்டு பிளாக்கில் போட்டு, சிலிண்டரை 3 5/16 அங்குலத்துக்குக் கடைந்தால் 276 கன அங்குலம் கிடைக்கும். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒருவர் சனிக்கிழமை காலை காயலான்கடைக்குப் போகலாம். எதைத் தேட வேண்டும், லேத்காரரிடம் என்ன சொல்ல வேண்டும், கடைசியில் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

உங்கள் வண்டிக்கே வருவோம். ஃபோர்டு கார்களுக்கு எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது 1939இல். 1934இல் கம்பி இழுத்து நிறுத்தும் பிரேக்தான். 1940 வண்டியின் ஹைட்ராலிக் டிரம்களைக் கழற்றி முப்பதுகளின் வண்டியில் மாட்டுவது அன்றே பரவிய வித்தை. உங்கள் கூப்பிலும் யாரோ எப்போதோ அதைச் செய்திருக்கிறார்கள் என்பது உங்கள் முதல் படத்திலேயே தெரிகிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே! வாசகருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்: எந்த ஆண்டின் ஸ்பிண்டிலில் இந்த டிஸ்க் உட்கார்ந்தது? 1934 ஃபோர்டு என்று தலைப்பில் போட்டுவிட்டு, அடியில் வேறு ஆண்டின் ஸ்பிண்டில் இருந்தால், தன் வண்டியில் பழைய ஸ்பிண்டிலே இருக்கும் ஒருவர் உங்களை நம்பி ஆர்டர் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொள்வார். தொண்ணூறு ஆண்டு பழைய வண்டி எதுவும் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இருப்பதில்லை. ஆகவே வண்டியின் பூர்வீகத்தை நாலு வரியில் சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

இனி அந்த மாஸ்டர் சிலிண்டர். பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளுவது அதுதான். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கணக்கு எழுதலாமா என்ற உங்கள் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

நீங்கள் எழுதியது: "1⅛ அங்குலப் பெரிய மாஸ்டர் சிலிண்டர், கூடுதல் நிறுத்தும் சக்திக்காக." பூஸ்டர் கிடையாது, கால் பலம் மட்டும்தான். உங்கள் பெடலின் அச்சாணியிலிருந்து கால் படும் இடத்துக்கு 12 அங்குலம், அச்சாணியிலிருந்து, சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராட் மாட்டும் துளைக்கு 2 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 6. காலால் 100 பவுண்டு அழுத்தினால் புஷ் ராடில் 600 பவுண்டு. மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 1 அங்குலம் என்றால் அதன் பரப்பு 0.785 சதுர அங்குலம், குழாயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 764 பவுண்டு. 1⅛ அங்குலம் என்றால் பரப்பு 0.994, அழுத்தம் 604 பவுண்டு. அரைக்கால் அங்குலம்தானே கூடியிருக்கிறது என்று தோன்றும். அழுத்தமோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. பெரிய சிலிண்டர் ஒவ்வொரு மிதிக்கும் கூடுதல் எண்ணெயைத் தள்ளும், அதனால் பெடல் குறைவாக இறங்கும், காலுக்குக் கெட்டியாகத் தெரியும். "பெடல் நவீன கார் போலக் கெட்டியாக இருந்தது" என்று நீங்கள் எழுதியது அதைத்தான். கெட்டியாக இருப்பது வேறு, வண்டி நிற்பது வேறு.

இப்போது உங்களுக்குக் கடிதம் போட்டவரின் வண்டியை நினைத்துப் பாருங்கள். அவருடைய பெடலில் புஷ் ராட் துளை 2½ அங்குலத்தில் இருந்தால் விகிதம் 4.8 ஆகிவிடும். அதே கால், அதே சிலிண்டர்; அழுத்தம் 483 பவுண்டு. 1 அங்குல சிலிண்டரும் 6 விகிதமும் கொடுத்த அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. வண்டி நிற்க மறுத்ததில் வியப்பேது? நீங்கள் பெடலின் இரண்டு அளவுகளையும் எழுதியிருந்தால் அவர் டேப்பை எடுத்துத் தன் பெடலை அளந்திருப்பார், துளையை மாற்றியிருப்பார் அல்லது சிறிய சிலிண்டரை வாங்கியிருப்பார். கணக்குப் போட்டால் படிப்பார்களா என்று கேட்கிறீர்கள். பெருக்கல் வகுத்தலுக்கு ஹாட் ராட்காரர் அஞ்சுவதே இல்லை. அவருக்குப் பிடிக்காதது, சூத்திரத்தைப் போட்டுவிட்டு எண்ணைப் போடாமல் விடும் என்ஜினியர்தான். (நம் தொழிலில் அந்த ஜாதி நிறைய உண்டு.)

அந்தப் பிரேக்கிலேயே இன்னும் ஒன்று. பழைய ஃபோர்டில் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் தரைக்கு அடியில் இருக்கும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரைவிடத் தாழ்வாக. அப்படியானால் வண்டி நிற்கும்போது எண்ணெய் கேலிப்பரிலிருந்து பின்வாங்கும். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் பாதி வரை வெறுமனே இறங்கும். இதைத் தடுக்க டிஸ்க் குழாயில் 2 பவுண்டு மிச்ச அழுத்த வால்வும், டிரம் குழாயில் 10 பவுண்டு வால்வும் போடுவது வழக்கம். இரண்டையும் மாற்றிப் போட்டால் டிஸ்க் பிரேக் எப்போதும் கொஞ்சம் பிடித்தபடியே ஓடிச் சூடேறும். உங்கள் ஒன்பதாவது படத்தில் சிவப்பும் நீலமுமாக இரண்டு சின்ன வால்வுகள் தெரிகின்றன. எது எந்தக் குழாயில் போனது, ஏன் என்று கட்டுரையில் எங்கும் இல்லை. படத்தின் கீழே எழுதியிருப்பது "அழகாகப் பொருத்தப்பட்ட குழாய்கள்". அழகு கண்ணுக்குத் தெரிகிறது, அதை எழுதுவானேன்?

சக்கரக் கேள்விக்கு வருவோம். 1934, 1940 ஆண்டு ஃபோர்டுகளில் ஐந்து போல்ட்டுகள் 5½ அங்குல வட்டத்தில் இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் அந்த வட்டம் 4¾ அங்குலம். டிஸ்க் செட்டில் வரும் ரோட்டர் (சுழலும் தட்டு) எந்த வட்டத்தில் துளையிட்டது என்பதைப் பொறுத்து ஒருவருடைய முன்சக்கரம் பின்சக்கரத்தோடு சேருமா, ஸ்டெப்னி இரண்டுக்கும் பயன்படுமா என்பது முடிவாகிறது. நாலு சக்கரம் புதிதாக வாங்க வேண்டிவந்தால், மலிவான செட் என்று நினைத்தது மலிவாக இருக்காது. ரோட்டரும் ஹப்பும் சேர்ந்து சக்கரத்தை வெளியே தள்ளினால், மட்கார்டு உள்ள வண்டியில் முழு வளைவில் டயர் உரசும். மட்கார்டு இல்லாத உங்கள் கூப்பில் அது உங்களுக்குத் தெரியவே வாய்ப்பில்லை. மாட்டுவதற்கு முன் ஒரு முறை, மாட்டிய பின் ஒரு முறை, சட்டத்திலிருந்து சக்கரம் உட்காரும் முகம் வரை அளந்து எழுதியிருந்தால் போதும். இரண்டே எண்கள். அந்த இரண்டாவது கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. கேலிப்பருக்கு இடம் விட எத்தனை அங்குலச் சக்கரம் வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

போல்ட் முறுக்கும் அளவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. "குறிப்பிட்ட அளவுக்கு முறுக்கவும்" என்று எழுதாதீர்கள். எண்ணைக் கொடுங்கள், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள், புரியில் எண்ணெய் தடவினீர்களா, காய்ந்ததாக முறுக்கினீர்களா என்பதையும் சொல்லுங்கள். அது மாறினால் போல்ட்டின் இழுவிசையே மாறிவிடும்.

ஆர்வலர்கள் அடிக்கடி கேட்பதும் பத்திரிகைகள் அடிக்கடி மறப்பதும் காரணம். எப்படி என்று சொல்லிவிடுகிறார்கள், ஏன் என்று சொல்வதில்லை. ஓர் உதாரணம். பழைய ஃபோர்டின் முன் அச்சு ஐ-பீம் வடிவில் இருக்கும். அதைச் சட்டத்தோடு இணைத்துத் தாங்கும் V வடிவத் தண்டான விஷ்போனை நடுவில் வெட்டி, இரு முனைகளையும் சட்டத்தின் இரு பக்கமும் பொருத்துவது நாற்பதுகளிலிருந்து வரும் பழக்கம். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு முறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். ஐ-பீம் அந்த முறுக்கலுக்கு இணங்கிக் கொடுக்கும். அதே இடத்தில் பார்வைக்கு அழகான குழாய் அச்சை வைத்தால் அது இணங்காது, அந்த விசையெல்லாம் பிராக்கெட்டிலும் வெல்டிங்கிலும் போய் விழும். குழாய் அச்சுக்கு நான்கு தண்டு அமைப்பைப் பரிந்துரைப்பது இதனால்தான். "குழாய் அச்சோடு பிளந்த விஷ்போன் போடாதீர்கள்" என்று மட்டும் எழுதினால் வாசகர் அதை ஒருவருடைய விருப்பு வெறுப்பு என்று தள்ளிவிடுவார். காரணத்தை எழுதினால் அதைத் தன் வண்டிக்குப் பொருத்திப் பார்ப்பார், நீங்கள் எழுதாத இன்னொரு அமைப்பிலும் அதே ஆபத்தைக் கண்டுபிடிப்பார். நீங்கள் என்ஜினியர், இந்த இடம் உங்களுக்குக் கைவந்த கலை. கட்டுரையில் ஏன் அதை ஒளித்து வைத்தீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இலவசப் பாகங்கள். வாங்குங்கள், தப்பில்லை. பத்திரிகைத் தொழிலில் அது பழைய ஏற்பாடு. பாகம் செய்பவர்கள் 1963இல் தங்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கும் அளவுக்கு அந்த வணிகம் வளர்ந்தது. அவர்களுடைய விளம்பரத்தில்தான் பத்திரிகைகளும் வாழ்ந்தன. ஆனால் நாளடைவில் விளம்பரப் பக்கத்துக்கும் கட்டுரைப் பக்கத்துக்கும் வித்தியாசம் தேய்ந்தது. எந்தக் கட்டுரையிலும் எந்தப் பாகமும் தோற்றதே இல்லை! 2019 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரே நிறுவனம் தன் 22 கார் பத்திரிகைகளில் 19இன் அச்சுப் பதிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்குக் காரணங்கள் பல, கட்டுரைகளின் மேல் மட்டும் பழி போட மாட்டேன். இருந்தாலும் இன்னும் காசு கொடுத்து அச்சுப் பத்திரிகை வாங்குபவர் யார் என்று யோசியுங்கள். புதுப் பாகத்தின் படத்தை வேறெங்கும் இலவசமாகவே பார்க்கலாம். அவர் வாங்குவது, ஒரு மனிதர் அதை மாட்டிப் பார்த்துச் சொன்ன சேதியை.

ஆகவே இலவசமாக வந்ததை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் அது நாகரிகத்தோடு நிற்கும் விஷயம் அல்ல, இப்படிப்பட்ட தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்று அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் வழிகாட்டு நெறிகளே கேட்கின்றன. கூடவே கடை விலையையும் போடுங்கள், வாசகர் அந்த விலையைக் கொடுத்துத்தான் வாங்கப் போகிறார். செட்டின் விலை மட்டும் போதாது. புதுக் குழாய், வால்வு, சக்கரம், லேத் கூலி எல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள். மலிவான மாற்று வழி இருந்தால், அது உங்களுக்குப் பாகம் கொடுத்தவருக்குப் பிடிக்காவிட்டாலும், ஒரு வரி எழுதுங்கள். அப்படி எழுதினால் அடுத்த முறை பாகம் தர மாட்டார்களே என்று கேட்பீர்கள். தராமல் போகட்டும். பிராக்கெட் துளை சரியாக இல்லை என்று எழுதியதைப் படித்துத் துளையைச் சரிசெய்து அனுப்பிய தயாரிப்பாளர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பெயர் வாசகர் மனத்தில் நல்லபடியாகவே நின்றது.

காயலான்கடை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஹாட் ராட் வாசகர் பத்திரிகையைக் கிழித்துக் கோப்பில் வைத்துக்கொள்ளும் பக்கம் எது தெரியுமா? எந்த வண்டியின் எந்தப் பாகம் எதில் சேரும் என்று சொல்லும் பக்கம். எழுபதுகளின் செவர்லே வேகாவின் ஸ்டியரிங் பாக்ஸ் முப்பதுகளின் ஃபோர்டில் உட்காரும் என்பதும், 1939 முதல் 1948 வரையிலான லிங்கன் பிரேக் அந்தப் பழைய ஃபோர்டு ஸ்பிண்டிலில் சேரும் என்பதும், 1999க்குப் பிந்தைய செவர்லே பிக்கப்பின் 5.3 லிட்டர் வி8 குறைந்த செலவில் நிறையச் சக்தி தரும் என்பதும் அப்படிப் பரவிய செய்திகள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விளம்பரதாரர் கிடையாது, அதனால்தான் பத்திரிகைகள் மெல்ல அவற்றைக் கைவிட்டன. எழுத ஆள் வேண்டியிருக்கிற இடம் இதுதான். ஆனால் "சேரும்" என்பதோடு நிறுத்தினால் மறுபடியும் முதல் வியாதிதான். என்ஜின் சேரும் என்றால் எண்ணெய்த் தொட்டி எந்தக் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், ஸ்டியரிங் கம்பிக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் எத்தனை விரற்கடை இடைவெளி, வயரிங்கை யார் செய்தது, அதற்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் வர வேண்டும்.

வேலையை வேறு ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்திருந்தால் அதையும் ஒளிக்க வேண்டாம். "பிறகு பட்டறையில் கொடுத்தோம்" என்று ஒரு வரியில் தாண்டிவிடும் கட்டுரைகள் மேல் ஆர்வலர்களுக்குத் தீராத கோபம் உண்டு. நீங்களும் போய் நின்று பார்த்து, அவர் எந்தக் கருவியால் பிடித்தார், எங்கே முதலில் டாக் வெல்டிங் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) வைத்தார், சூட்டில் எது வளைந்தது, அதை எப்படி நிமிர்த்தினார் என்று எழுதுங்கள். லிஃப்ட் இல்லாத கராஜில், ஜாக்கும் ஸ்டாண்டும் வைத்துக்கொண்டு இதைத் தனியாளாகச் செய்ய முடியுமா என்பதையும் சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

புதியவருக்கு எழுதுவதா, தேர்ந்தவருக்கு எழுதுவதா என்று கட்டுரையின் நடுவில் நீங்கள் தடுமாறியிருப்பது தெரிகிறது. ஒரு பத்தியில் பிரேக் எண்ணெய் என்றால் என்ன என்று விளக்கம், அடுத்ததிலேயே பின்சக்கர அழுத்தத்தைக் குறைக்கும் வால்வை ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த, ஆனால் இந்த வேலையை இதற்கு முன் செய்யாத ஒருவரை மனத்தில் வைத்து எழுதுங்கள். தேர்ந்தவர் அதைப் படித்துச் சலிக்க மாட்டார். தான் செய்ததும் நீங்கள் செய்ததும் எங்கே வேறுபடுகிறது என்று தேடிப் படிப்பதில் அவருக்குத் தனி இன்பம்.

இனி உங்கள் கேம் ஷாஃப்ட் கட்டுரை. இங்கே எண்கள் ஏமாற்றும், கவனம். என்ஜின் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம். வால்வு திறந்திருக்கும் அளவு 280 டிகிரி என்று விளம்பரத்தில் போட்ட கேம், கேம் தூக்கும் டாப்பெட் 0.050 அங்குலம் உயர்ந்த இடத்திலிருந்து அளந்தால் 230 டிகிரியாக இருக்கலாம். விளம்பர டிகிரியை எந்த உயரத்திலிருந்து அளப்பது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், ஆகவே 0.050 அளவை எழுதாவிட்டால் இரண்டு கேம்களை ஒப்பிடவே முடியாது. கேமின் மேடுகளான லோப்களுக்கு இடைப்பட்ட கோணத்தையும் வால்வு உயர்வையும் சேருங்கள். பழைய பாணித் தட்டை டாப்பெட் கேம் என்றால் முதல் இருபது நிமிடம் பெரிய விஷயம்: என்ஜின் பற்றிக்கொண்டதும் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் ஏற்றி ஓட்ட வேண்டும், துத்தநாகச் சேர்மம் போதிய அளவு உள்ள எண்ணெய் வேண்டும். இன்றைய கார்களுக்கான எண்ணெயில் அந்தச் சேர்மம் குறைக்கப்பட்டிருக்கிறது. எந்த எண்ணெய் ஊற்றினீர்கள், என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். லோப் தேய்ந்து கேம் வீணான கதை ஹாட் ராட் உலகில் வீட்டுக்கு வீடு உண்டு.

என்ஜினின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உச்ச எண்ணை மட்டும் தலைப்பில் போடாதீர்கள், 500 சுற்றுக்கு ஒரு வரி வீதம் முழு அட்டவணையும் வேண்டும். வாசகர்கள் பெருக்கிப் பார்ப்பார்கள். முறுக்கு விசையைச் சுற்றால் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் குதிரைத்திறன். 5,500 சுற்றில் 430 குதிரைத்திறன் என்று சொல்லிவிட்டு, அதே வரியில் முறுக்கு விசை 380 பவுண்டு-அடி என்று அச்சானால் மறுநாளே கடிதம் வரும், கணக்குப்படி அது 410க்குச் சற்று மேல் இருக்க வேண்டும். எந்தத் திருத்தக் காரணியைப் பயன்படுத்தினார்கள் என்று டைனோக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். 60 டிகிரி ஃபாரன்ஹீட்டை அடிப்படையாகக் கொண்ட பழைய முறை, 77 டிகிரியை அடிப்படையாகக் கொண்ட புதிய முறையைவிடச் சுமார் 4 சதவீதம் கூட்டிக் காட்டும். 430 என்பது அப்போது 413 ஆகிவிடும். எக்ஸாஸ்ட் குழாயில் சைலன்சர் இருந்ததா, தண்ணீர் பம்ப்பை என்ஜின் சுற்றியதா, மின் மோட்டார் சுற்றியதா என்பதும் எண்ணை மாற்றும். பழைய கேமோடும் ஒரு முறை ஓட்டியிருக்க வேண்டும், நடுவில் கார்புரேட்டரைத் தொட்டிருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் கூடியது என்று உங்களுக்கே தெரியாது.

அந்தக் கேமை உங்கள் கூப்பில் போடும்போது இன்னொன்றையும் பாருங்கள். நீண்ட டிகிரி கேம் ஐடிலில் உறிஞ்சு அழுத்தத்தைக் குறைக்கும். நீங்கள் பூஸ்டர் இல்லாமல் ஓட்டுவதால் பிழைத்தீர்கள். அந்த உறிஞ்சு அழுத்தத்தால் காலுக்கு உதவும் வாக்குவம் பூஸ்டர் வைத்திருக்கும் வாசகர் உங்கள் கட்டுரையைப் படித்து அதே கேமைப் போட்டால், சிக்னலில் நிற்கும்போது அவருடைய பிரேக் பெடல் திடீரென்று கனக்கும். கேம் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஐடிலில் வாக்குவம் மீட்டர் காட்டிய எண்ணைக் குறித்து வையுங்கள். அந்த எண் இல்லாமல் கட்டுரையை அனுப்ப வேண்டாம்.

பிரேக் கட்டுரைக்கும் ஒரு பின்தொடர் கட்டுரை எழுதித் தருவதாக உங்கள் ஆசிரியரிடம் சொல்லலாம். அரைப் பக்கம் போதும். பெடல் அளவுகள், சக்கரம் நகர்ந்த தூரம், போல்ட் வட்டம், வால்வுகள் எந்தக் குழாயில், பிராக்கெட்டில் நீங்கள் அராவிய இடத்தின் படம், சில ஆயிரம் மைல் ஓடிய பின் பேடின் கனம். அந்த மூன்று கடிதக்காரர்களுக்கும் அச்சாவதற்கு முன்பே நகல் அனுப்பி வையுங்கள், மாஸ்டர் சிலிண்டர் மாட்டியவருக்கு முதலில். அவருடைய வண்டி இன்னும் சரியாக நிற்காமல்தான் ஓடிக்கொண்டிருக்கும். கட்டுரை வெளிவரும் வரை காத்திராமல், பெடலை அளக்கச் சொல்லி இன்றே அவருக்கு எழுதுங்கள்.